வெறும் கோடாக வரைந்த இடம்

பதினொன்று இருபதுக்கு ஓட விட்டேன். அறுபத்து மூன்றில் இப்போது ஒன்பதாவது. ஒன்றுக்கு நாற்பது நொடி என்றால் பன்னிரண்டைத் தொட்டுவிடும், பன்னிரண்டுக்கு இம்மானுவேல் சார் கதவைத் தட்டாமல் தலையை மட்டும் நீட்டி 'என்ன நாயகிம்மா, ஆச்சா' என்பார், அப்போது என் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன், பதில் என்னவென்றே தெரியாமல். பத்து. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டிங்கை நிறுத்திவிட்டார்கள், நிறுத்திய பிறகுதான் இவ்வளவு நேரம் அது கத்திக்கொண்டிருந்தது உறைக்கிறது. பட்டறைகள் நிறைந்த இந்தக் கணபதியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தால் அப்படித்தான், இரும்புச் சத்தம் காதுக்கு வெளியிலேயே நின்றுவிடும். திரையில் என் சர்க்யூட் விரிந்து கிடக்கிறது. நான் வரைந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில், இதே ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கோடு கோடாக வரைந்தது. இப்போது கம்ப்யூட்டர் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சென்சிட்டிவிட்டி பார்க்கிறது. சர்க்யூட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஒரே ஒரு சதவீதம் மாற்றிப் பார்ப்பது, நிஜத்தில் இல்லை, கணக்கில். முதல் ரெசிஸ்டரை ஒரு சதவீதம் கூட்டு, அலாரம் எந்தச் சூட்டில் அடிக்கிறது என்று பார், அதைப் பழையபடி வை, அடுத்ததைத் தொடு. அறுபத்து மூன்றையும் இப்படித் தொட்டு முடித்ததும் ஒரு பட்டியல் வரும். எதைத் தொட்டால் அலாரம் அதிகம் ஆடுகிறதோ அது மேலே, தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான் என்பது கீழே. பன்னிரண்டாவது ஓடுகிறது. எனக்குப் பட்டியல் முழுக்க வேண்டாம். இருபத்து மூன்றாம் ரெசிஸ்டர் எங்கே வருகிறது என்பது மட்டும் போதும். மேலே வந்தால் அந்தக் குழந்தைக்கு நடந்தது என் கையெழுத்தால் நடந்தது.

அந்த ஊரின் பெயரை இப்போது ஆபீஸில் யாரும் சொல்வதில்லை, 'அந்த ஊர்' என்றுதான். ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு, எங்கள் வார்மர். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளைப் படுக்க வைத்து மேலிருந்து சூடு கொடுக்கும் மிஷின், வயிற்றில் ஒட்டிய சின்ன சென்சார் குழந்தையின் சூட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும், குறைந்தால் மிஷின் சூட்டை ஏற்றும், கூடினால் இறக்கும், முப்பத்தெட்டைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது அடிக்கவில்லை. ஒரு கிலோ அறுநூறு கிராம் பெண் குழந்தை. துணி மாற்றப் போன நர்ஸ் காலைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாளாம். திரையில் முப்பத்தாறு புள்ளி ஆறு. கையோ வேறு சொல்கிறது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. உடனே சூட்டை நிறுத்தியிருக்கிறாள், டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள், குழந்தைக்கு ஒருமுறை வலிப்பு வந்து அடங்கியிருக்கிறது. பிழைத்துக்கொண்டது. எடை கூடியிருக்கிறது என்று போன வாரம் கேள்விப்பட்டேன், ஆனாலும் ஒரு வயது வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம், பத்தொன்பது, பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா. எங்கள் சர்வீஸ் ஆள் போனார். சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தன்னுடைய டெஸ்டர் பெட்டியைச் சொருகி, முப்பத்தாறு வை, முப்பத்தேழு வை, முப்பத்தெட்டு புள்ளி ஒன்று வை, அலாரம் கணீரென்று அடித்தது. பத்துத் தடவை வைத்தார், பத்துத் தடவையும் அடித்தது. மிஷினில் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார். மிஷினில் கோளாறு இல்லையென்றால் அலாரத்தை யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். யாரோ என்றால் அந்த ஷிஃப்டில் இருந்தது ஒருத்தி. பரிமளா. ஒன்பது வருஷ சர்வீஸ். சஸ்பெண்ட். கையால் தொட்டுக் கண்டுபிடித்தவளையே.

இருபத்திரண்டு. அடுத்து அதுதான். நாற்பது நொடி. முந்தின வருஷம் மார்ச் மாதம் ஒரு சதவீதத் துல்லியம் உள்ள ரெசிஸ்டர் மார்க்கெட்டில் கிடைக்காமல் போனது, பர்ச்சேஸிலிருந்து ஒரு தாள் வந்தது, இருபத்து மூன்றாம் இடத்தில் ஐந்து சதவீதம் போடலாமா, பாதிப்பு உண்டா, ஆம், இல்லை. மணி நாலே கால். அன்றைக்கு அகிலுக்கு ஸ்கூலில் ஏதோ நிகழ்ச்சி, மரமாக வேஷம் போட்டிருந்தான், வசனம்கூடக் கிடையாது, சும்மா நிற்க வேண்டும், ஆனால் நான் வருவேன் என்று சொல்லியிருந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே 'இல்லை' என்பதில் டிக் அடித்தேன். செல்வநாயகி என்று கையெழுத்து. தேதி. அந்தப் பேனா சரியாக எழுதவில்லை, டிக்கை இரண்டு தடவை இழுத்தேன், அது ஞாபகம் இருக்கிறது, ஆனால் யோசித்தேனா என்பது ஞாபகம் இல்லை. யோசித்திருப்பேன். இவ்வளவு வருஷ அனுபவத்தில் பார்த்ததும் தெரியுமே, அந்த இடம் அவ்வளவு முக்கியமில்லை என்று. தெரியுமா? தெரியும் என்று நினைப்பதும் தெரிவதும் ஒன்றா? இன்றைக்கு ஓட விட்டதை அன்றைக்கு ஓட விட்டிருந்தால் என்ன, முக்கால் மணி நேரம், மரம் மேடையில் நின்றுகொண்டிருந்திருக்கும், அம்மா வந்தாளா என்று அசையாமல் பார்த்திருக்கும். நான் போனேன். கை தட்டினேன். மூன்று வாரமாக அந்தக் கை தட்டல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், சந்திரமோகன் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார், 'ஆபீஸ்ல ஏதாச்சுமா?' என்று மட்டும் கேட்டார், இல்லீங்க என்றேன். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவரிடம் சொல்ல முடியாத அளவுக்கு அது என்ன, ஒரு டிக். இருபத்து நான்கு. இருபத்து மூன்று முடிந்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. பதில் உள்ளே எங்கேயோ வந்து உட்கார்ந்துவிட்டது, அறுபத்து மூன்றும் முடிந்தால்தான் வெளியில் வரும்.

காலையில் அகிலின் கழுத்தைத் தொட்டபோது கதகதவென்று இருந்தது. காய்ச்சலா, போர்வைக்குள் இருந்த சூடா, என் கைதான் ஜில்லென்று இருந்ததா. இட்லி மாவு கரைத்த கை. பரீட்சை என்பதால் ஒரு மாத்திரையைக் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டேன், இப்போது போனை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்கிறேன், ஸ்கூலிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது, இதை விட்டுவிட்டு எழுந்து போக முடியாது, போகாமலும் இருக்க முடியாது, மறுபடியும் அதே நாலே கால் மணி. தொட்டுப் பார்த்தால் தெரியாதா ஒரு அம்மாவுக்கு? அந்த நர்ஸுக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை குழந்தையைத் தொட்டிருப்பாள், ஒன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம். என்னோடு பேசியிருக்கிறாள். போன சனிக்கிழமை உழவர் சந்தையில் பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், தெரியாத நம்பர், சர்வீஸில் யாரிடமோ கெஞ்சி என் நம்பரை வாங்கியிருக்கிறாள். 'மேடம், நீங்கதான் அந்த மிஷினைப் பண்ணுனதுன்னு சொன்னாங்க. நான் பரிமளா பேசறேங்க.' பெயரைக் கேட்டதும் கையிலிருந்த பாகற்காயைத் திரும்பத் தராசில் போட்டேன், கடைக்காரம்மா எடை போட்டுவிட்டது. 'அலாரத்தை நான் நிறுத்தலைங்க மேடம். சத்தியமா நிறுத்தலை. அது அடிக்கவே இல்லீங்க.' அதற்கப்புறமும் ஏதோ சொன்னாள். இரண்டு நிமிஷமாவது பேசியிருப்பாள். நான் ம், ம் என்றேன், எனக்குள் இருபத்து மூன்று, இருபத்து மூன்று என்று ஓடிக்கொண்டிருந்தது, இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முப்பத்தொன்பது. போன் அதிர்ந்தது. திறந்தால் சந்திரமோகனின் மெசேஜ், ஸ்கூலில் இருந்து அவருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், நூறு டிகிரி, வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாராம், கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறானாம், நீ வேலையைப் பார். நீ வேலையைப் பார் என்ற அந்த மூன்று வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கூப்பிடாமல் அவருக்கு ஏன் கூப்பிட்டார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது, எனக்குக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்று ஸ்கூலுக்கே தெரிந்துவிட்டதா, சே, என்ன நினைப்பு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று.

பட்டியல் வந்தது. மேலிருந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் நடுவிலிருந்து பார்த்தேன். நடுவில் இல்லை. மேலே போனேன், அங்கேயும் இல்லை. முதல் ஐந்து எதிர்பார்த்தவைதான், அவற்றுக்கு ஆரம்பத்திலேயே விலை பாராமல் நல்ல சாமான் போட்டிருக்கிறோம். கீழே இறங்கினேன். ஐம்பத்தெட்டாவது வரியில் இருந்தது என் இருபத்து மூன்று. ஒரு சதவீதம் மாறினால் டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஐந்து சதவீதமே மாறினாலும் நூற்றில் ஒரு பங்கு. ஒரு குழந்தை மூச்சு விட்டால் மாறுவது அதைவிட அதிகம். நாற்காலியில் சாய்ந்தேன், சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, வாயில் கையை வைத்துக்கொண்டேன். அந்த டிக் சரி. நின்றபடி, பையை மாட்டியபடி, மரத்தைப் பார்க்க ஓடுகிற அவசரத்தில் போட்டாலும் அது சரியான டிக். சொன்னபடியே கதவு திறந்து தலை நீண்டது. 'என்ன நாயகிம்மா, ஆச்சா?' 'ஆச்சுங்க சார். இருபத்து மூணால ஒண்ணும் இல்லை.' இம்மானுவேல் சார் உள்ளே வந்து உட்கார்ந்தார். தரம் பார்க்கிற பொறுப்பு அவருடையது, ஐம்பத்தெட்டு வயசு, இந்த மூன்று வாரத்தில் அவரும் இளைத்துப்போயிருக்கிறார், சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், ஸ்தோத்திரமாக இருக்கும். 'கர்த்தர் காப்பாத்துனாரு. நாப்பது குடும்பம்மா இங்க. மூணு மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு மெயில் போகணும். வடிவமைப்பில் குறையில்லை, மிஷினில் குறையில்லைன்னு ரெண்டு பத்தி எழுதிக் குடு, நான் பார்த்து அனுப்பிடறேன்.' 'அந்த நர்ஸ் என்ன ஆவாங்க சார்?' அவர் மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து நேராக வைத்தார். 'பாவம்தான். என்ன பண்றது. அசதியில கை பட்டிருக்கும், அவங்களுக்கே தெரியாம. நாம அவங்களைப் பத்தி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். நம்ம மிஷினைப் பத்தி மட்டும் எழுது.' கெட்ட மனுஷர் இல்லை. எழுந்து போகும்போது 'மொதல்ல போய் சாப்பிடும்மா' என்றார்.

சாப்பிடவில்லை. எழுத ஆரம்பித்தேன். 'வடிவமைப்பில் எந்தக் குறையும் காணப்படவில்லை.' முற்றுப்புள்ளி. பயம் போன இடம் காலியாக இருந்தது, வீட்டைக் காலி செய்த பிறகு கூடத்தில் பேசினால் எதிரொலிக்குமே அப்படி, அந்தக் காலியான இடத்தில்தான் பரிமளாவின் குரல் கேட்டது. சனிக்கிழமை சந்தையில் சொல்லி நான் வாங்கிக்கொள்ளாத மீதி. மூன்று வாரமாக என் தப்பை நானே கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததில் அவள் சொன்னதற்கு உள்ளே இடம் இருக்கவில்லை, என் குற்றம் என்று நான் அழுததுகூட ஒரு விதத்தில் என்னைப் பற்றியேதான். என்ன சொன்னாள். 'ராத்திரி டூட்டிக்காரங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க மேடம். அந்த ஒயரு கொஞ்ச நாளாவே அப்படித்தான். பிளக்கை ஆட்டுனா நம்பர் மாறும். நாங்க ஒரு தட்டுத் தட்டிச் சரியா வெச்சுக்குவோம்.' பிளக்கை ஆட்டினால் நம்பர் மாறும். எழுந்து நின்றுவிட்டேன். சென்சார் ஒயர் மிஷினில் வந்து சேரும் பிளக். தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும் பிளக், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிடுங்கிச் சொருகும் பிளக், முள் கறுத்துப் போயிருக்கும், களிம்பு ஏறியிருக்கும். அது என் சர்க்யூட்டில் எங்கே. திரையைப் பெரிதாக்கினேன். சென்சாரிலிருந்து ஒரு கோடு கிளம்பி நேராக வந்து சர்க்யூட்டில் சேர்கிறது. கோடு. வெறும் கோடு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கோடு என்றால் தடையே இல்லாத வழி, கெட்டுப்போகாது, கறுக்காது, தளராது. அறுபத்து மூன்று பொருளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த மிஷின் அதைத் தொடவில்லை, ஏனென்றால் அங்கே பொருள் எதுவும் இருப்பதாக நான் அதற்குச் சொல்லவே இல்லை. சர்வீஸ் ஆளும் தொடவில்லை, ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே டெஸ்டரைச் சொருகினார்.

கோட்டை வெட்டி நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தேன், ஒரு ஓம் தடை, புது பிளக்கில் அதிகபட்சம் அவ்வளவுதான் இருக்கும். அறுபத்து நான்காவது பொருள். அதை மட்டும் ஓட விட்டேன். நாற்பது நொடியில் எத்தனை நினைக்க முடிகிறது, அகில் தூங்குகிறான், வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், சந்திரமோகன் ஃபேனை இரண்டில் வைத்திருப்பார், நாற்பது குடும்பம் என்றாரே சார், அதில் என்னுடையதும் ஒன்று, இது மேலே வந்துவிட்டால் என்ன செய்யப் போகிறேன், வரக் கூடாது, வர வேண்டும், எனக்கு என்ன வேண்டும் என்பதே தெரியவில்லை. வந்தது. பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. பட்டியலின் கடைசி வரி, என் இருபத்து மூன்றுக்கும் கீழே. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், முற்றுப்புள்ளி வைத்த வாக்கியம் திரையின் இன்னொரு மூலையில் காத்துக்கொண்டிருந்தது, அடுத்த வாக்கியத்துக்குக் கை போனது. போன கை நின்றது. நின்றதற்குக் காரணம் அறிவு என்று சொல்ல மாட்டேன், பிளக்கை ஆட்டினால் நம்பர் மாறும் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், ஒன்றுமில்லை என்று என் கணக்கு சொல்கிறது, இரண்டில் ஒன்று பொய், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நான் கேட்ட கேள்வி என்ன. ஒரு சதவீதம் மாறினால் என்ன ஆகும். ஒரு ஓமில் ஒரு சதவீதம், நூற்றில் ஒரு பங்கு ஓம், அது மாறினால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது. ஆனால் களிம்பு ஏறும் பிளக் ஒரு சதவீதமா மாறும்? ரெசிஸ்டர் அப்படி மாறும், வாங்கும்போதே இவ்வளவுதான் மாறுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரும். பிளக் எழுதிக் கொடுத்ததில்லை. அது ஒன்றிலிருந்து பத்தாகும், ஐம்பதாகும், நூறைத் தாண்டும், யாரும் பார்க்காதபோது. அதை ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை ஏற்றிக்கொண்டே போகச் சொன்னேன். எங்கள் சென்சாரின் குணம், சூடு ஏறினால் தடை குறையும். வழியில் வேறு தடை சேர்ந்தால் குழந்தை குளிர்ந்திருக்கிறது என்று மிஷின் நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொண்டு இன்னும் சூடேற்றும். பத்து ஓமில் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு தப்பு. ஐம்பதில் ஒரு டிகிரி. கோடு ஏறிக்கொண்டே போனது, நூறு, நூற்றுப் பத்து, நூற்றிருபதில் நிறுத்தினேன். மிஷின் திரையில் முப்பத்தாறு புள்ளி ஆறு காட்டும்போது குழந்தையின் உடம்புச் சூடு எவ்வளவு. முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. அலாரம் அடிக்காது. அதற்கும் அதே ஒயர்தான், நான்தான் அப்படி வரைந்தேன். ஒரு மிஷினில் மட்டும் இல்லை, சேர்த்துச் செய்த ஒரு லாட்டில் மட்டும் இல்லை, நாங்கள் செய்த அத்தனையிலும்.

சாரிடம் போயிருக்க வேண்டும் முதலில். போகவில்லை. போனில் சனிக்கிழமை நம்பரைத் தேடி அழுத்தினேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். 'பரிமளாங்களா? நான் நாயகி, அந்த வார்மர் கம்பெனியிலிருந்து.' 'சொல்லுங்க மேடம்.' குரலில் எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. 'அலாரத்தை நீங்க நிறுத்தலை. அது அடிச்சிருக்கவே முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேங்க. பிளக்கை ஆட்டினா நம்பர் மாறும்னு நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, அதுதான். தப்பு எங்களோடது. என்னோடது.' பின்னால் எங்கோ குக்கர் விசிலடித்தது. அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள், திட்ட வேண்டும், அதற்கு என்னைத் தயார் செய்துகொண்டேன். 'மேடம், அந்த ஒயருதான் காரணமா?' 'ஆமாங்க. ஒயரோட பிளக்கு.' 'அய்யோ மேடம், மிஷினுக்குத்தானே சீல் வெச்சாங்க. ஒயர் பத்தலைன்னு அதைக் கழட்டி நாலாம் நம்பர் வார்மர்ல போட்டாங்களே. நான் பார்த்துட்டுத்தானே வந்தேன். இப்பவும் அதுலதான் இருக்கும்.' நாலாம் நம்பர் என்று கையில் கிடைத்த தாளில் எழுதினேன். 'வெச்சிடறேன் மேடம், வார்டுக்குப் பேசறேன், நான் சஸ்பெண்டுன்னா என்ன, கமலாக்கா எடுப்பாங்க' என்று சொல்லச் சொல்லவே போனை வைத்துவிட்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நம்பரில் இருப்பது ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, அதன் அம்மா எங்கே உட்கார்ந்திருப்பாள், தரையிலா, பெஞ்சிலா, திரையில் முப்பத்தாறு புள்ளி ஆறு என்று பச்சை எழுத்தில் பார்த்து நிம்மதியாக இருப்பாளா. மெசேஜ் வந்தது. 'ஒயர் கழட்டியாச்சு. கொழந்தைக்கு அக்குள்ல 37.8. சூட்டைக் கொறச்சுட்டாங்க. நல்லாருக்கு.' படித்தேன். மறுபடியும் படித்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, சத்தமில்லாமல், துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே நடந்தேன்.

இம்மானுவேல் சார் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார், எலுமிச்சை சாதம், ஒரு வாய்தான் எடுத்திருந்தார். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, கோடு இருந்த இடத்தையும் நான் வைத்த ரெசிஸ்டரையும் ஏறிப் போகும் வளைவையும் காட்டினேன், நூற்றிருபதில் விரலை வைத்தேன். அவருக்கு விளக்க வேண்டியதில்லை, முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது அவருக்கும் மனப்பாடம். பரிமளா அனுப்பியதையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது, நாற்பது குடும்பம், மூணு மணி, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம், அதையெல்லாம் ஒன்றொன்றாக அவர் முகத்தில் பார்த்தேன், அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை, நானும் அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவள்தானே. 'நிச்சயமாத் தெரியுமா?' 'அந்த ஒயரை வாங்கி அளந்து பார்க்கணும் சார். ஆனா எனக்குத் தெரியும்.' 'எத்தனை மிஷின் வெளிய இருக்கு?' 'இருநூத்திப் பதினாலு.' 'எல்லாத்துலயும் கொழந்தைங்க இருக்குமே' என்றார், என்னிடம் சொல்லவில்லை, சாதத்தைப் பார்த்துச் சொன்னார். டிபன் பாக்ஸை மூடினார். அழுத்தி மூடினார். 'மூணு மணி மெயிலை நான் எழுதறேன். அந்த நர்ஸம்மா மேல தப்பில்லைங்கிறது மொதல் வரியா இருக்கணும். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், கத்துவாரு, கத்தட்டும். நீ டெஸ்பாட்ச் லிஸ்டை எடு. மெயில் எல்லாம் எவன் பார்ப்பான். போன்ல கூப்பிடலாம், ஒண்ணொண்ணா, வார்டுக்கே.' பிறகு தயங்கி, 'நீ வேணும்னா உன் பேர் சொல்ல வேண்டாம்மா. கம்பெனியிலிருந்து பேசறோம்னா போதும்' என்றார்.

லிஸ்டில் முதல் ஊரின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஓடிவந்து எடுத்த மாதிரி மூச்சு வாங்க ஒரு பெண் குரல், பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம். 'குழந்தைகள் வார்டு, சொல்லுங்க.' 'சிஸ்டர், என் பேரு செல்வநாயகி. உங்க வார்டில இருக்கிற வார்மரை வரைஞ்சது நான்தாங்க. அதுல நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். இப்ப அதுல குழந்தை இருக்கா? இருந்தா, மொதல்ல கையால தொட்டுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.'